எங்கயும் போகல, வீட்டுலதான் இருந்தோம்

"வீக்கெண்டு எங்க போனீங்க?"

திங்கக்கிழமை காலையில ஸ்கூல் வாசல்ல தவறாம வர்ற கேள்வி இது. "எங்கயும் போகல, வீட்டுலதான் இருந்தோம்"னு சொன்னா எதிர்ல இருக்குறவங்க மூஞ்சி மாறிடும். "அய்யோ, பசங்களுக்கு போர் அடிச்சிருக்குமே... பாண்டிக்காவது ஒரு எட்டு கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

கேக்குறவங்க நல்ல மனசோடதான் கேக்குறாங்க. எனக்கு எரிச்சல் அவங்க மேல இல்ல. குழந்தைங்கள சந்தோஷமா வச்சிக்கணும்னா டிக்கெட் வாங்கி உள்ள போற ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நாம எல்லாரும் நம்ப ஆரம்பிச்சிட்டோம் பாருங்க, அது மேல.

அதான் போன சனி ஞாயிறு எங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு விலாவாரியா எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மொதல்ல யார் யாருன்னு சொல்லிடுறேன்.

எங்க வீடு திருப்பாதிரிப்புலியூர்ல, பாடலீஸ்வரர் கோயில்லேர்ந்து நடக்குற தூரம். நான், அவரு, என் மாமியார் (பசங்களுக்கு ஆயா), மூணாவது போற பெரியவ, யூ.கே.ஜி. போற சின்னவன். வந்தவங்க ரெண்டு குடும்பம். ஒண்ணு சிதம்பரம், ஒண்ணு நெய்வேலி. நாங்க மூணு பொண்ணுங்களும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல ஒண்ணா படிச்சு, ஒரே ஹாஸ்டல்ல இருந்து, ஒரே பக்கெட்டுக்கு சண்டை போட்டவங்க. கல்யாணத்துக்கு அப்பறமும் மூணு பேருமே கடலூர் மாவட்டத்துக்குள்ளயே தங்கினது பெரிய கொடுப்பினை.

சிதம்பரத்துக்காரிக்கு ஒரே பையன், அஞ்சாவது. நெய்வேலிக்காரிக்கு ரெண்டு. பொண்ணு நாலாவது, பையன் ஒண்ணாவது. எல்லாப் பசங்களுக்கும் நாங்க அத்தை, வீட்டுக்காரங்க மாமா. அடையாளத்துக்கு ஊர் பேரு முன்னாடி ஒட்டிக்கும்: சிதம்பரம் அத்தை, நெய்வேலி மாமா, கடலூர் அத்தை (அது நான்).

சிதம்பரத்துக்காரங்க விழுப்புரம் போற பாசஞ்சர்ல வந்தாங்க. ரயிலடிக்குப் போய் கூட்டிட்டு வர்றதே சின்னவனுக்குத் திருவிழா. நெய்வேலிக்காரங்க பஸ்ல, வடலூர் வழியா. வரும்போதே ஒரு முழுப் பலாப்பழம். பண்ருட்டிக்காரரு ஒருத்தரு அவங்க ஆபீஸ்ல இருக்காராம், தோப்புலேர்ந்து நேரா வந்தது. மாமா தோள்ல தூக்கிட்டு வாசல்ல நொழைஞ்சதுமே வாசனை கொல்லைப்புறம் வரைக்கும் போயிடுச்சு.

இந்த மாதிரி சேர்றதுக்குன்னு நாங்க சில வழக்கம் வச்சிருக்கோம். எல்லாம் ஒவ்வொரு வாட்டியும் செஞ்சு பாத்து, சரிப்பட்டு வந்ததை மட்டும் வச்சிக்கிட்டது.

ஒண்ணு, விருந்து கெடையாது. ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு பொறுப்பு. சனிக்கிழமை மதியம் சிதம்பரம், ராத்திரி நாங்க, ஞாயிறு மதியம் மூணு மாமாக்களும். இதுல நான் ரொம்பக் கறாரா இருப்பேன். வீட்டுக்காரி ரெண்டு நாளும் அடுப்படியில நின்னு வேர்த்து வடிஞ்சா, அவளுக்கு அது லீவே இல்ல. அடுத்த வாட்டி "யாரும் வராம இருந்தா தேவல"ன்னு அவளுக்குத் தோணிடும். நம்ம ஊர்ல பாதி வீட்டுக்கு விருந்தாளி வராம போனதுக்குக் காரணம் இதுதான்னு நான் நெனைக்கிறேன். பாசம் கொறைஞ்சு போகல, பாத்திரம் கூடிப்போச்சு.

ரெண்டு, போன் எல்லாம் மஞ்சப்பைக்குள்ள. (2021 டிசம்பர்ல "மீண்டும் மஞ்சப்பை"ன்னு அரசாங்கம் ஒரு இயக்கம் ஆரம்பிச்சுதே, அப்ப வாங்கின பை. காய்கறிக்கும் போகும், போனுக்கும் ஆகும்.) ஆணியில தொங்கும். மணி அடிச்சா பெரியவங்க போய் எடுத்துப் பேசலாம், பேசிட்டுத் திரும்பப் பையில போட்டுடணும். பசங்களுக்கு மட்டும் சட்டம் போட்டு நாம சோபால உக்காந்து தள்ளிட்டே இருந்தா, ஒரு குழந்தை கூடக் கேக்காது.

மூணாவதுதான் முக்கியம். பசங்க சண்டை போட்டா, பெத்தவங்க தலையிடக் கூடாது. பக்கத்துல வேற யாரு இருக்காங்களோ அவங்கதான் பஞ்சாயத்து. என் பையன் அழுதா நெய்வேலி அத்தை பாத்துப்பா. அவ பொண்ணு கோச்சிக்கிட்டா சிதம்பரம் மாமா பேசுவாரு. ஆரம்பத்துல இது கஷ்டம். நம்ம குழந்தை அழுவுற சத்தம் கேட்டா கால் தானா ஓடும். ஆனா பெத்தவங்க நடுவுல வந்தா சண்டை குழந்தைங்க சண்டையா இருக்காது, குடும்பச் சண்டையா மாறும். வேற பெரியவங்க கேட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். அழுதவனும் மறந்துடுவான், அடிச்சவனும் மறந்துடுவான்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

சிதம்பரத்துக்காரி தூக்குல கொத்சு கொண்டு வந்திருந்தா. சிதம்பரம் கொத்சு சாப்பிடாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம்: சின்னக் கத்திரிக்காயை எண்ணெயில நல்லா வதக்கி மசிச்சு, புளித்தண்ணி விட்டு, மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய் வறுத்துப் பொடிச்சுப் போட்டு, எண்ணெய் பிரிஞ்சு வர்ற வரைக்கும் சுண்ட வைக்கணும். நடராஜர் கோயில் நைவேத்தியத்துல சம்பா சாதத்துக்கு ஜோடி இதுதான். மிளகும் சீரகமும் நெய்யில தாளிச்சுக் கிளறின சாதம் அது. ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டா வேற தொட்டுக்க எதுவும் தேவைப்படாது.

என் பெரியவ வீட்டுல கத்திரிக்காயைக் கண்டாலே தட்டை நகத்துவா. அன்னிக்கு அஞ்சாவது படிக்கிற அண்ணன் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினான். அதைப் பாத்துட்டு இவளும் தட்டை நீட்டினா. நான் எதுவும் சொல்லல. ஆயா மட்டும், "போட்டுக்கோடி கண்ணு"ன்னு இன்னொரு கரண்டி வச்சாங்க.

மத்தியானம் பலாப்பழம். சிமெண்ட் தரையில பழைய சாக்கை விரிச்சு, நெய்வேலி மாமா கையிலயும் கத்தியிலயும் நல்லெண்ணெய் தடவிக்கிட்டாரு. பால் ஒட்டாம இருக்கணும்ல. பசங்க எல்லாரும் கையில எண்ணெய் தடவிக்கிட்டுச் சுத்தி உக்காந்தாச்சு. மாமா பொளந்து குடுக்க, ஒருத்தன் சுளைய எடுக்க, ஒருத்தி சடையப் பிரிக்க, சின்னவன் கொட்டைய எண்ணி ஒரு சட்டியில போட (ஒம்பதுக்கு அப்பறம் அவனுக்கு எப்பவுமே பதினொண்ணுதான்), ஒரு மணி நேரம் வேலை நடந்துச்சு. குழந்தைங்களுக்கு வேலை செய்யப் பிடிக்கும். உண்மையான வேலை, கை அழுக்காகுற வேலை. நாமதான் அவங்ககிட்டேர்ந்து வேலையப் பிடுங்கிக்கிட்டு, அதுக்கு பதிலா "ஆக்டிவிட்டி"ன்னு ஒரு டப்பாவைக் காசு குடுத்து வாங்கித் தர்றோம்.

உரிக்கும்போதே மாமா தானே புயல் கதைய ஆரம்பிச்சாரு. 2011 டிசம்பர் 30, விடியக்காலையில கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையக் கடந்த புயல். பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரின்னு தோப்பு தோப்பா வேரோட சாஞ்சது. "விதை போட்டு வர்ற பலா காய்க்க அஞ்சாறு வருஷம் ஆவும். நல்லா பெருசாகி நெறையக் காய்க்க இன்னும் எத்தனையோ வருஷம். நீ இப்ப திங்கிற சுளை அந்தப் புயல்ல தப்பிச்ச மரத்துதா இருக்கலாம், இல்லன்னா அதுக்கப்பறம் ஒருத்தர் பொறுமையா நட்டு வளத்த மரத்துதா இருக்கலாம்."

சிதம்பரம் பையன் உடனே ரெண்டு கொட்டைய எடுத்து ஜோபில போட்டுக்கிட்டான். அவங்க கொல்லையில நடப் போறானாம்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். நம்ம ஊருல இது ஒரு வசதி. குழந்தைங்களக் கூட்டிட்டு நடந்தே போற தூரத்துல பெருசா, காத்தோட்டமா, டிக்கெட் இல்லாம ஒரு எடம். பெரியநாயகி அம்மன் சன்னதி, தல விருட்சமான பாதிரி மரம், ஓடி ஆட பிராகாரம். தூண் தூணா கண்ணாமூச்சி.

அங்கதான் ஆயா அப்பர் கதைய சொன்னாங்க. எங்க ஆயா சொல்ற கதையில அப்பர் மொதல்ல வரமாட்டாரு. அவங்க அக்கா திலகவதிதான் வருவாங்க. "பண்ருட்டிக்குப் பக்கத்துல திருவதிகை இருக்குல்ல, அங்க இருந்தாங்க. அப்பா அம்மா போயிட்டாங்க. கட்டிக்கப் போற மாப்பிள்ளையும் போர்ல போயிட்டாரு. தம்பிக்காகத்தான் அந்த அக்கா உசுரோட இருந்துச்சு." அந்தத் தம்பி சமணத்துல சேர்ந்து, தருமசேனர்னு பேரெடுத்து, அப்பறம் தீராத வயித்து வலி வந்து அக்காகிட்டயே திரும்பி வந்தது, பல்லவ ராஜா கோவப்பட்டது, கல்லோட சேத்துக் கட்டிக் கடல்ல போட்டது, அந்தக் கல்லே தெப்பமா மிதந்து நம்ம ஊருல கரை சேத்தது. கரையேறின எடம் வண்டிப்பாளையத்துக்குப் பக்கத்துல, கரையேறவிட்டகுப்பம். ஒவ்வொரு சித்திரை மாசமும் அதை இங்க திருவிழாவா கொண்டாடுறாங்க.

கதை முடிஞ்சதும் நாலாவது படிக்கிற பொண்ணு தம்பியைத் திரும்பிப் பாத்தா. "பாத்தியா? அக்கா சொல்றத கேக்கணும்." அவன் கேட்டதோ வேற. "ஆயா, கல்லு எப்பிடி மெதக்கும்?"

"நம்பிக்கைடா. மனசு அசையாம இருந்தா கல்லும் மெதக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அவன் நேரா வாளிகிட்டதான் போனான். ஒரு கருங்கல்லு. டொபுக். முழுகிடுச்சு. இன்னொண்ணு. அதுவும் முழுகிடுச்சு. நெய்வேலி மாமா (சுரங்கத்துல வேலை பாக்குறவரு, மண்ணு கல்லு எல்லாம் அவருக்கு நித்தப் பொழப்பு) பக்கத்துல வந்து குந்தினாரு. ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைத் தண்ணியில விட்டு, "இப்ப கல்லை இதுக்குள்ள வை"ன்னாரு. கிண்ணம் கொஞ்சம் எறங்குச்சு, ஆனா முழுகல. இன்னொரு கல்லு. இன்னும் கொஞ்சம் எறங்குச்சு. எத்தனை கல்லு வரைக்கும் தாங்கும்னு பசங்க அஞ்சு பேரும் பந்தயம் கட்டி, முத்தத்தைக் கொளமாக்கி, அரை மணி நேரம் போச்சு.

"ஒரு பொருளு எவ்ளோ தண்ணிய ஒதுக்குதோ, அவ்ளோ தண்ணியோட எடை அதை மேல தள்ளும். கிண்ணம் நெறைய தண்ணிய ஒதுக்குது, அதான் கல்லையும் சேத்துத் தூக்குது."

"அப்ப ஆயா சொன்னது?"

மாமா ஆயாவைப் பாத்தாரு. ஆயா மாமாவைப் பாத்தாங்க. "ஆயா சொன்னது மனசைப் பத்தி. நான் சொல்றது வாளியைப் பத்தி. ரெண்டையும் வச்சிக்கோ, ரெண்டும் ஒனக்கு வேணும்"னாரு.

நான் முத்தத்துல ஈரத்தைத் தொடைச்சிக்கிட்டே இதைக் கேட்டுட்டு இருந்தேன். இதைத்தான் நான் இந்தப் பதிவுல சொல்ல வந்ததே. என் வீட்டுல என் குழந்தைக்கு ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் கெடைக்கும், என் பதில். என் கோவம், என் பயம், எனக்குத் தெரிஞ்ச உலகம். அன்னிக்கு அதே வீட்டுல அவங்களுக்கு ரெண்டு மூணு உலகம் தொறந்துச்சு. கூட்டுக்குடும்பத்துல வளந்த நமக்கு இது கேக்காமலே கெடைச்சது. கதை சொல்ல ஒரு பாட்டி, சைக்கிள் ஓட்டச் சொல்லித்தர ஒரு சித்தப்பா, அடி விழாம காப்பாத்த ஒரு அத்தை. இப்ப அவங்க எல்லாம் சென்னை, பெங்களூரு, துபாய். அந்த எடத்தை யாராவது நெரப்பணும். நெரப்ப முடிஞ்சவங்க நம்ம நண்பர்கள்தான்.

ராத்திரி ஆயா பெரிய பாத்திரத்துல ரசஞ்சாதம் பெசஞ்சு, பசங்களுக்கு உருட்டி உருட்டிக் கையில வச்சாங்க. தொட்டுக்க மத்தியானம் உரிச்ச பலாக்கொட்டையில பொரியல். எவனும் "வேணாம்"னு சொல்லல. சொன்னா அடுத்தவன் கைக்குப் போயிடும்.

அப்பறம் பல்லாங்குழி.

ரெண்டு பக்கமும் ஏழேழு, மொத்தம் பதினாலு குழி. குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை. ஒரு குழிய அள்ளி, ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே போகணும். கை காலியானா அடுத்த குழிய அள்ளி மேல போகலாம். அடுத்த குழி காலியா இருந்தா அதைத் தொடைச்சிட்டு, அதுக்கும் அடுத்த குழியில இருக்குறது ஒனக்கு. நடுவுல எந்தக் குழியிலயாவது நாலு சேந்தா அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கலாம். ஆப்பிரிக்காவுலேர்ந்து மலேசியா வரைக்கும் இதே சாயல்ல குழி ஆட்டம் ஆடுறாங்க. மலேசியாவுல அதுக்குப் பேரு சொங்காக்.

சின்னவங்களுக்கு அஞ்சு கொட்டை ஆட்டம் ரொம்ப நேரம் இழுக்குது, பாதியில எழுந்து ஓடிடுறாங்க. குழிக்கு ரெண்டுன்னு வச்சா பொசுக்குன்னு முடிஞ்சிடுது. மூணு வச்சா கச்சிதம். ஒரு கொட்டை விழுந்ததும் பசு வரும், அது அவங்களுக்கு ஆனந்தம். ஒவ்வொரு பசுவுக்கும் "ம்மா"ன்னு கத்தணும்னு நெய்வேலி வாண்டு சட்டம் போட்டான். அன்னிக்கு எங்க தெருவே மாட்டுத் தொழுவம்.

இதுல நடந்த கணக்கைப் பாருங்க. எந்தக் குழிய எடுத்தா எங்க போய் முடியும்னு என் பெரியவ மனசுக்குள்ளயே கூட்ட ஆரம்பிச்சிட்டா. விரலை விடல, பேப்பர் கேக்கல. சின்னவனுக்குக்கூட பத்து அவன் கைக்கு வந்துடுச்சு (ஒம்பதுக்கு அப்பறம் பத்துன்னு!). லீவு நாள்ல ப்ராஜெக்ட், ஒர்க்ஷீட்டுன்னு பை நெறைய அனுப்புறவங்க இதை ஒரு தடவை பாக்கணும். ஐ.நா.வோட குழந்தை உரிமை உடன்படிக்கை, 1989-ல வந்தது, அதுல 31-வது பிரிவே குழந்தைங்களோட ஓய்வுக்கும் வெளையாட்டுக்கும்தான். இந்தியா 1992-லயே அதை ஏத்துக்கிட்டாச்சு. சனி ஞாயிறு அவங்களுக்கு நாம போடுற பிச்சை கெடையாது. அது அவங்களோடது.

ஞாயித்துக்கிழமை காலையில மாமாக்கள் பசங்களக் கூட்டிட்டு முதுநகர் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனாங்க. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். (2017-க்கு முன்னாடி 45 நாள்தான் இருந்துச்சு.) மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப் படகு கொண்டு வர்றதுதான் அந்த ரெண்டு மாசமும். அது முடிஞ்சு பெரிய போட்டெல்லாம் எறங்கின சமயம்கிறதால எங்க பாத்தாலும் கூடை, ஐஸ், ஏலச் சத்தம்.

திரும்பி வந்த பசங்க மூச்சு விடாம பேசினாங்க. ஒருத்தன் நண்டு கொடுக்கைத் தொட்டிருக்கான். ஒருத்தி ஏலம் விடுற அம்மா மாதிரியே கத்திக் காமிச்சா. "அத்தை, மீனுக்குக்கூட ரெண்டு மாசம் லீவாம்!"னு ஒண்ணாவது படிக்கிறவன் சொன்னான். அவனுக்கு லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்த ஆதங்கம்.

சங்கரா மீன் கொழம்பு, எறா தொக்கு. மூணு மாமாவும் சமையல். நாங்க மூணு பேரும் திண்ணையில. கழுவுறது, அரியிறது, தாளிக்கிறது எல்லாம் அவங்க. கொழம்பு அருமை. எங்களுக்குப் பேச நேரம் கெடைச்சது அதைவிட அருமை.

(பேச்சுல ஒரு எட்டு புதுமைப்பித்தன் வந்தாரு. 1906-ல அவரு பொறந்தது இதே திருப்பாதிரிப்புலியூர்லதான். அவரோட "ஒரு நாள் கழிந்தது" கதையில எழுதிப் பொழைக்கிற ஒருத்தர் வீடு, அவரு பொண்ணு அலமு, வீட்டுக்கு வர்ற நண்பர்கள்னு ஒரே ஒரு நாள்தான் இருக்கும். காசு இல்லாத வீடு. ஆனா அந்த வீட்டுக்கு ஆள் வர்றது நிக்கல. படிக்காதவங்க தேடிப் படிங்க.)

சாப்பிட்டு முடிச்சு, வெய்யில் தாழ்ந்ததும் மொட்டை மாடி. அங்க சிதம்பரம் மாமா சொன்ன கதைதான் ரெண்டு நாளோட உச்சம்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பக்கத்துல புனித டேவிட் கோட்டை. 1690-ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க அதை மராட்டியர்கிட்டேர்ந்து வெலைக்கு வாங்கினாங்க. கோட்டைக்கு எவ்ளோ நெலம் சேத்தின்னு எப்படி முடிவு பண்ணாங்க தெரியுமா? கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்ளோ தூரம் போய் விழுதோ, அவ்ளோ தூரமும் கம்பெனிக்கு. இருக்குறதுல நல்லா தூரம் போற பீரங்கியா பாத்துக் கொண்டு வந்து, திசைக்கு ஒண்ணா சுட்டாங்க. குண்டு விழுந்த எல்லை வரைக்கும் இருந்த ஊரெல்லாம் அவங்களுது ஆயிடுச்சு. நம்ம குண்டு உப்பலவாடி, குண்டு சாலை எல்லாம் அந்தக் கதைய இன்னும் பேருல வச்சிருக்கு. பிரெஞ்சுக்காரங்க சென்னையப் பிடிச்சப்ப, 1746-லேர்ந்து 1752 வரைக்கும் கம்பெனிக்கு இந்தப் பக்கத் தலைமையிடமே கடலூர்தான். 1758-ல பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டைய எடுத்து, இடிச்சுத் தள்ளிட்டாரு.

கதை முடியறதுக்குள்ள பெரியவ கையில ரப்பர் பந்து வந்துடுச்சு.

மாடி நடுவுல சாக்பீஸால கோட்டை. அங்கேர்ந்து பந்தைப் போட்டா மொதல் குத்து விழுற எடம் வரைக்கும் அவங்க நாடு. அஞ்சு பேரும் அஞ்சு ராஜா. ஒவ்வொரு நாட்டுக்கும் பேரு. துணி காயப்போடுற கொடிக்கு அந்தப் பக்கம் நடுநிலை நாடாம். சின்னவன் கை பலத்துக்கு அவன் நாடு ரெண்டு அடிதான் வந்துச்சு. ஒடனே அழுகை. பக்கத்துல இருந்தது நெய்வேலி அத்தை. "சின்ன நாடுன்னா காவல் காக்குறது சுலபம்டா. நான் ஒனக்குத் தளபதியா வர்றேன்"னு போய் அந்த ரெண்டு அடியில அவனோட குந்திக்கிட்டா. அழுகை போன எடம் தெரியல.

அப்பறம் பந்து பக்கத்து வீட்டு மாடியில போய் விழுந்துச்சு. அங்க வடகம் எடுத்துக்கிட்டு இருந்த பாட்டி பந்தைக் கையில வச்சிக்கிட்டு, "இது என் நாடு. வரி கட்டினாதான் பந்து"ன்னாங்க. பசங்க கீழ ஓடி, ஒரு கிண்ணம் பலாச்சுளையோட சுவத்தோரமா நின்னு வரி கட்டினாங்க. பந்தும் வந்துச்சு, பதிலுக்கு ஒரு கை வடகமும் வந்துச்சு.

அப்பதான் சிதம்பரம் மாமா மெதுவா கேட்டாரு. "ஏம்பா, குண்டு விழுந்த ஊர்ல இருந்தவங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களா?"

பசங்க யோசிச்சாங்க. நாலாவது படிக்கிறவ பாட்டி வீட்டு மாடியப் பாத்தா. "பாட்டியாவது கேட்டாங்க. நம்ம கேக்கவே இல்ல"ன்னா. ஆட்டத்துல ஒரு விதி கூடிடுச்சு: இன்னொருத்தர் நாட்டுல பந்து விழுந்தா, கேட்டுட்டுதான் உள்ள போகணும். சரித்திரப் பாடத்துல எந்த வாத்தியாரும் இவ்ளோ சீக்கிரம் இந்த எடத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தியிருக்க முடியாதுன்னு நெனைக்கிறேன்.

இன்னொண்ணும் சொல்லணும்.

சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் ஹால்ல கோரைப்பாயப் போட்டுப் படுத்துட்டாங்க. சிதம்பரம் பையன் மட்டும் தூங்கல. தண்ணி குடிக்க எழுந்த என் பின்னாடியே அடுப்படிக்கு வந்தான். "அத்தை, ஒண்ணு சொல்லட்டா? அம்மாகிட்ட சொல்லாத"ன்னு ஆரம்பிச்சு, ஸ்கூல் விஷயம் ஒண்ணு சொன்னான். அது என்னன்னு இங்க எழுத மாட்டேன், அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆபத்தான விஷயம் எதுவும் இல்ல. ஆனா பத்து வயசுப் பையனுக்கு அது பெரிய பாரம். அம்மாகிட்ட சொன்னா அம்மா வருத்தப்படுவாங்கன்னு உள்ளயே வச்சிருக்கான். நான் கேட்டேன். ரெண்டு யோசனை சொன்னேன். "இதை நீயே அம்மாகிட்ட சொல்லலாம், நான் பக்கத்துல இருக்கேன்"னேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரயிலுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி அவனே போய் சொல்லிட்டான்.

அதுலேர்ந்து எனக்கு இதே யோசனைதான். என் பொண்ணுக்குப் பதிமூணு, பதினாலு வயசாகும். அப்ப என்கிட்ட சொல்ல முடியாத ஒண்ணு அவளுக்கும் வரும். வராம இருக்காது. அன்னிக்கு அவ யாருகிட்ட போவா? மஞ்சப்பையில கெடக்குற அந்தப் போன்கிட்டயா, இல்ல தன்னைச் சின்னதுலேர்ந்து பாத்த, சோறு ஊட்டின, திட்டின, தன் பக்கம் நின்ன ஒரு அத்தைகிட்டயா? அந்த அத்தையை அன்னிக்கு அவசரத்துக்குத் தேடிப் பிடிக்க முடியாது. இப்பவே, இந்த மாதிரி சனி ஞாயிறுலதான் அவங்க ஒருத்தருக்கொருத்தர் சொந்தமாகணும்.

வெளியில போகவே கூடாதுன்னு நான் சொல்லல. பிச்சாவரத்துல படகுல போறது, வெள்ளி கடற்கரையில அலையில நிக்கிறது, எல்லாம் நல்லதுதான், நாங்களும் போறோம். ஆனா அங்க குழந்தை வேடிக்கை பாக்கும். வீட்டுல, நாலு பேரு நடுவுல, அது வாழும்.

கூட்டமா ஆளு இல்லையேன்னு யோசிக்காதீங்க. மூணு குடும்பம் வேணும்னு கூட இல்ல. ஒரு குடும்பம் போதும். பக்கத்து ஃபிளாட்டா இருக்கலாம், ஆபீஸ் சிநேகிதியா இருக்கலாம், பழைய க்ளாஸ்மேட்டா இருக்கலாம். ஒரு சாம்பார், ஒரு பொரியல், நாலு பாய். வீடு கலைஞ்சு கெடந்தா கெடக்கட்டும். வர்றவங்க வீட்டைப் பாக்க வரல. சமையலைப் பங்கு போட்டுக்கோங்க, போனை ஆணியில மாட்டுங்க, பசங்க சண்டைய அடுத்தவங்க கையில விடுங்க. மிச்சத்தைப் பசங்களே பாத்துப்பாங்க.

அடுத்த முறை நெய்வேலியில. டவுன்ஷிப்ல மரமும் நெழலும் நெறைய இருக்கு, மாடிக்குப் பதிலா தோட்டம். கோட்டை எல்லைய இப்பவே பெருசா போடணும்னு சின்னவன் தெனமும் பந்து வீசிப் பழகிட்டு இருக்கான். தளபதி அத்தைக்கும் போன் பண்ணிச் சொல்லியாச்சு.